பங்கு வக்கீலோட தங்கச்சி

எங்கண்ணன் வக்கீல் படிப்ப முடிச்சதே எங்க தோட்டத்து மிளகுலதான். இதை நான் எடுத்தாலே, "பழைய கதைய விடு அம்மிணி"ம்பாரு. பழைய கதைதான், இல்லேங்கல. கட்டிக் கொடுத்த எடத்துல புருசன் இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்து நிறுத்துனதும், துணியைச் சுருட்டிக்கிட்டு மலை மேல இருக்கற அரியூர் நாட்டுக்கு, அப்பா ஊட்டுக்கே வந்துட்டேன். ஊட்டுக்கு மேல இருந்த சரிவுல அப்ப குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, அது மட்டுந்தான். நானும் அப்பாவும் சில்வர் ஓக் வெச்சு, மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏத்தி விட்டோம். அண்ணன் அப்ப சேலத்துல சட்டம் படிச்சிட்டிருந்தாரு. மொத காய்ப்பு அவருக்குக் கறுப்புக் கோட்டாப் போச்சு. அதுல எனக்கு வருத்தமே இல்ல, பெருமையாத்தான் இருந்துச்சு.

நாமக்கல்ல ஆபீஸ் போட்டாரு. அவருக்குப் பேர் வாங்கிக் குடுத்தது பாகப்பிரிவினைக் கேசுதான். கூடப் பொறந்தவனுங்க ஏமாத்துன, மலைக்குக் கீழ இருக்கற கீழ்நாட்டுப் பொம்பளைங்க, கண்ணைக் கசக்கிட்டு வந்து உக்காருவாங்க. "எந்திரிங்க மொதல்ல. ஆணுக்கும் பொண்ணுக்கும் சம பங்கு. இது யாரும் போடற பிச்சையில்ல, சட்டம்"ன்னு அதட்டுவாரு. மிளகு விக்கப் போறப்பல்லாம் அந்த ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து இதைக் கேட்டிருக்கேன். எனக்கே முதுகு நிமிரும். ஜனங்க அவருக்குப் 'பங்கு வக்கீல்'ன்னே பேர் வெச்சுட்டாங்க. ஆபீசுக்கு வழி கேட்டா ஆட்டோக்காரங்க கூட அந்தப் பேரைத்தான் சொல்லுவாங்க.

தொகுதி எங்கள மாதிரி மலைவாழ் ஜனத்துக்குன்னு ஒதுக்குனது. மலையில பொறந்து, படிச்சு, கீழ்நாட்டுலயும் பேரெடுத்த ஆளு கெடைச்சா எந்தக் கட்சி விடும்? ஊடு தேடி வந்து சீட்டுக் குடுத்தாங்க. நான் தோட்டத்த அப்பா கையில விட்டுட்டு, ஆலத்தூர் நாடு, அரியூர் நாடுன்னு மலை பூரா ஊடு ஊடா ஓட்டுக் கேட்டுப் போனேன். "கீழ்நாட்டுப் பொண்ணுங்களுக்கே பங்கு வாங்கிக் குடுத்தவரு, நமக்குச் செய்ய மாட்டாரா?" இதைத்தான் பொம்பளைங்க கிட்டச் சொன்னேன். அண்ணன் பக்கத்துல கை கூப்பிக்கிட்டு நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தாரு. அப்படியில்லம்மான்னு ஒரு வார்த்தை அவரு வாயில வரல. ஜெயிச்சாரு.

கேக்கறவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க. நாங்க எல்லாரும் அந்த நெய்க்கு ஏனத்த ஏந்திட்டு நின்னவங்கதான்.

எம்.எல்.ஏ. ஆன பொறகும் அவரோட வக்கீல் புத்தி போகல. கோர்ட்டுல வாய்தா வாங்கிப் பழகுனவரு, மனுவோட வந்த ஜனத்துக்கும் வாய்தாவே குடுத்தாரு. ரோடா, அடுத்த மாசம் வாங்க. பஸ்ஸா, பேசிட்டிருக்கேன். ஆஸ்பத்திரிக்கு டாக்டரா, மேல சொல்லியிருக்கேன். சிரிச்ச முகமாச் சொல்லுவாரு, வந்தவங்களும் சிரிச்சிட்டே போவாங்க. அரசியலுக்குப் பொறந்த ஆளுன்னு நானே சொல்லிக்குவேன்.

அப்பா செத்தாரு. கருமாதி முடிஞ்ச கொஞ்ச நாள்ல, அண்ணன் ஒரு இன்ஜினியரோட வந்து சரிவுல டேப்பு புடிச்சு அளந்துட்டிருந்தாரு. டூரிஸ்ட்டுங்க தங்கற ஊடு கட்டப் போறாராம். ஜன்னலத் தொறந்தா மலை தெரியணுமாம், அதுக்கு நடுவுல இருக்கற மரமெல்லாம் போகணுமாம்.

"அண்ணா, உங்க பாதியில கட்டிக்கங்க. என் பாதியில கை வெக்காதீங்க"ன்னேன்.

"உன் பாதியா?"ன்னு சிரிச்சாரு. பொறகு பாறை மேல உக்காந்து, ஆபீஸ்ல பேசற அதே குரல்ல சொன்னாரு. "அம்மிணி, அந்தச் சட்டம் நமக்கு இல்ல. மலைவாழ் ஜனத்துக்குப் பொருந்தாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. நமக்கு நம்ம வழக்கந்தான். வழக்கப்படி பொண்ணுக்கு நெலமில்ல. பட்டா என் பேருக்கு வந்தாச்சு. நீ ஊட்டுல இருந்துக்க, யாரு போகச் சொன்னா?"

எந்த ஜாதிச் சர்ட்டிபிகேட்டக் காட்டி எம்.எல்.ஏ. ஆனாரோ, அதைக் காட்டியே எனக்கு ஒண்ணுமில்லேன்னுட்டாரு. தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்களே, அவருக்கு ஒரு சதையும் ஆடல.

ராசிபுரத்துல ஒரு பொம்பளை வக்கீலப் போய்ப் பாத்தேன். "அவரு சொன்ன சட்டம் சரிதாங்க. கேஸ் போட்டுப் பாக்கலாம், ஆனா இழுக்கும்"ன்னாங்க. "சட்டத்துல எனக்கில்லேன்னே இருக்கட்டும். அண்ணனாப் பாத்து எழுதிக் குடுத்தா வேண்டாம்னு சட்டம் தடுக்குமா?"ன்னு கேட்டேன். "அதெப்படித் தடுக்கும்? ஒரு கையெழுத்துல முடியற விசயம்"ன்னாங்க. அன்னிக்குத்தான் எனக்கு முழுசா வெளங்குச்சு. சட்டம் என்னை ஏமாத்தல.

அடுத்த எலெக்சன் வந்துச்சு. தங்கச்சிக்கே பங்கு தராதவரு பங்கு வக்கீலான்னு எதிர்க்கட்சிக்காரங்க பேச ஆரம்பிச்சிருந்தாங்க. அண்ணன் என்னைத் தேடி வந்தாரு. வந்ததுமே "சாப்ட்டியா கண்ணு"ன்னாரு. கண்ணுன்னு என்னைக் கூப்பிட்டு வருசக்கணக்காச்சு.

"செம்மேட்டுக் கூட்டத்துல என் பக்கத்துல நின்னு நாலு வார்த்தை பேசு. எலெக்சன் முடியட்டும், உன் பாதிய எழுதி வெக்கறேன்."

"இப்பவே எழுதுங்கண்ணா."

"இப்ப நேரமில்லம்மா. என் மேல நம்பிக்கையில்லையா?"

வாய்தா. என் காதாலயே ஆயிரம் பேருக்குச் சொல்லக் கேட்ட வாய்தா. "வாரேன், பேசறேன்"ன்னு மட்டும் சொன்னேன்.

அன்னிக்குச் சந்தை நாள், செம்மேட்டுல நிக்க எடமில்ல. அண்ணன் வழக்கம்போலப் பொண்ணுங்களோட பங்கைப் பத்தி முழங்குனாரு. பொறகு மைக்க என் கையில குடுத்தாரு.

"எங்கண்ணன் பொய் சொல்லலீங்க. பொண்ணுக்குப் பங்கு உண்டு, கீழ்நாட்டுல. மலையில பொறந்த நமக்கு அந்தச் சட்டம் இல்லையாம். இதை எனக்குச் சொன்னதும் அவருதான். போன தடவை நான் உங்க ஊட்டு வாசல்ல வந்து சொன்னத நம்பாதீங்க. ஒரு கையெழுத்துப் போட்டா என் பாதி எனக்கு வந்துரும். போடுவாரான்னு நீங்களே கேளுங்க, நானும் இங்கயே நிக்கறேன்."

பொம்பளைங்க கை தட்டுனாங்க. பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி, என் கூடக் களையெடுக்க வாரவ, எந்திரிச்சு நின்னே தட்டுனா. அண்ணன் மொகம் ஒரு நிமிசம் கறுத்துச்சு. அவ்வளவுதான். மைக்க வாங்கி, "என் தங்கச்சி உரிமையோட கோவிச்சுக்கறா. அண்ணன் தங்கச்சி சண்டை, ஊட்டுல பேசித் தீத்துக்கறோம்"ன்னு சிரிச்சாரு. கூட்டமும் சிரிச்சுது. எத்தனை ஜட்ஜுங்களப் பாத்த வாய் அது.

ஜெயிச்சாரு. போன தடவையை விட நல்லா ஜெயிச்சாரு. எங்க ஊர்ப் பூத்துலயும் அவருக்குத்தான் விழுந்திருந்துச்சு. அந்த வாரமே சரிவச் சுத்திக் கம்பி வேலி போட்டாங்க. நான் ஏத்தி விட்ட கொடியில வேற ஆளுங்க மிளகு பறிச்சாங்க. நான் ஆலத்தூர் நாட்டுல ஒருத்தர் தோட்டத்துக்குக் கூலிக்கு மிளகு பறிக்கப் போனேன்.

அன்னிக்கு எந்திரிச்சு நின்னு கை தட்டுனவளும் அங்க பக்கத்து ஏணியில பறிச்சிட்டிருந்தா. எனக்கு அடக்க முடியல. "நீயும் அவருக்குத்தான ஓட்டுப் போட்ட?"ன்னு நேராவே கேட்டுட்டேன்.

அவ மறைக்கல. "ஆமாக்கா. நீ பேசுனது அத்தனையும் நெசம். மனசு கேக்காமத்தான் தட்டுனேன். ஆனா எனக்கும் ஒரு பையன் இருக்கானே. நாளைக்கு அந்தச் சட்டம் மலையேறி வந்துட்டா, அவனுக்கு என்ன மிஞ்சும்?"

அவளுக்குப் பையனுக்கு மூத்ததா ரெண்டு பொண்ணுங்க. அவ இதைச் சொல்றப்ப ரெண்டும் கீழ நின்னு எங்க ஏணியைப் புடிச்சிட்டிருந்துச்சுங்க.