பஞ்சின் மேல் வைத்த கரி

நான் ஒருபோதும் போகாத ஊர்களின் நினைவுப் பொருட்களை இணையத்தில் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். ராஜஸ்தான் ஒட்டகம், காஷ்மீர்ப் படகு, ஏதோ ஒரு குளிர்தேசத்து மர ஆந்தை. ஒவ்வொன்றுக்கும் மேலே தனி விளக்கு. யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒட்டகத்துக்கு ஒரு பயணக் கதையும் உண்டு. போன முறை சொன்னபோது அதில் ஒரு மணற்புயலும் சேர்ந்துகொண்டது. வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூசித் துணியும் கையுமாக நான் நிற்கும் கோலத்தைப் பார்த்து யாராவது ஐம்பது என்று சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன்.

இந்த வியாதி எனக்கு நெய்வேலியில் பிடித்தது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில், நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் பிளாக்கில் எல்லா குவார்ட்டர்ஸுக்கும் ஒரே வாசல், ஒரே ஜன்னல், ஒரே சுண்ணாம்பு. ஒரு வீட்டை இன்னொரு வீட்டிலிருந்து பிரித்துக் காட்டியது ஹாலில் இருந்த ஷோகேஸ்தான். எங்களுடையதில் பாலித்தீன் உறை பிரிக்காத தாஜ்மகால், கழுத்து ஒட்டவைத்த பீங்கான் அன்னம், பாதுகாப்பு வாரப் போட்டியில் அப்பா வாங்கிய, வெந்நீரையே பார்த்திராத ஒரு ஃபிளாஸ்க். இவற்றை வாரம் ஒருமுறை இடம் மாற்றி அடுக்கும் பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

அந்த ஷோகேஸில் என் ரசனைக்கு அடங்காத பொருள் ஒன்றே ஒன்று: மாமாவின் ஊறுகாய் பாட்டில்.

மாமா, அம்மாவின் தம்பி. கம்மாபுரம் பக்கம் இருந்த அவர்களுடைய நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. பிறகு அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்து எங்களோடு தங்கியிருந்தார். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கில் கையகலக் கரித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பழுப்பும் கறுப்புமாக, மரப்பட்டை போன்ற வரிகளோடு இருந்தது. தங்கள் கிணற்றுக்கு நேர் கீழே இருந்த கரி என்றார். அங்கே அப்போது கிணறும் இல்லை, வரப்பும் இல்லை. எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டார்.

"எங்க கெணறு எங்க இருந்துச்சின்னு எனக்குத் தெரியாதா மாமா?"

அந்தத் துண்டைத் தண்ணீர் நிறைந்த பாட்டிலில் போட்டு ஷோகேஸின் கீழ்த்தட்டில் வைத்தார். ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றுவார். அப்பா கேலி செய்யாமல் விடமாட்டார்.

"மாப்ள, மீனாவது வளத்தா வால ஆட்டும். இது என்னய்யா பண்ணும்?"

"சும்மா கெடக்கும் மாமா."

மாமாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பெண் வீட்டார் போனில் "பையன் பர்மனெண்டா?" என்று கேட்பார்கள். அம்மா பதிலுக்கு மூச்சை இழுப்பதற்குள் மறுமுனையில் சத்தம் நின்றுவிடும். வந்து வாசல் மிதித்தவர் ஒருவரும் இல்லை. அதனால், பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு குடும்பம் அந்தக் கேள்வியைக் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறது என்று தரகர் சொன்னபோது அம்மா தரகருக்கு இரண்டு முறை காபி கொடுத்தாள். தரகரின் போனில் இருந்த பெண்ணின் படத்தை மாமா ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு போய் சட்டைக்கு இஸ்திரி போட்டார். கல்யாணத்துக்கு இன்னும் பல படிகள் இருந்தன. அவர் இஸ்திரி போட்ட வேகத்துக்கு மறுநாளே முகூர்த்தம் என்றுதான் தோன்றியது.

"ஷோகேஸ நல்லா அடுக்கி வையி. வர்றவங்க கண்ணு மொதல்ல அங்கதான் போவும்" என்றாள் அம்மா என்னிடம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் அரசாணை அது.

சனிக்கிழமை மாமா நைட் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் பகல் முழுக்கத் தூங்கினார். நான் வேலையைத் தொடங்கினேன். பாட்டிலைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் எதையோ வெட்டி எடுத்துப் போட்டுவைத்த மாதிரி இருந்தது. கரியை வெளியே எடுத்துத் துடைத்து, காம்பவுண்டுச் சுவர் மேல் வெயிலில் காயவைத்தேன். தேங்காயெண்ணெய் தடவினேன். பளபளத்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆன்ட்டியிடம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கி மிஞ்சிய பஞ்சு இருந்தது. அதை நடுத்தட்டில் பரப்பி, மேலே கரியை வைத்து, அதன் தலைக்கு மேல் என் படிப்பு விளக்கைச் செருகினேன். காலியான பாட்டிலில் பிளாஸ்டிக் ரோஜா.

பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம், காய்ந்தால் வெடித்து உதிரும் என்று அந்த மாதம்தான் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அது பாடப் புத்தகத்தில் இருந்த கரி. இது எங்கள் வீட்டுக் கரி. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த டீச்சரும் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை பெண்ணின் அப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். மாமா அப்பாவின் நல்ல சட்டையில், தோள் பக்கம் தொளதொளவென்று, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அன்று யாரும் ஷோகேஸ் பக்கம் போகக்கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்ததால் தண்ணீர்கூட மாற்றவில்லை. வந்தவர்களுக்கு மரியாதையாகத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் விளக்கைப் போட்டேன். நாடகத்துக்குத் திரை விலக்குவது போல.

"வூட்ட லட்சணமா வச்சிருக்கீங்கம்மா" என்றார் பெண்ணின் அப்பா. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"எல்லாம் இவ வேலைதாங்க" என்றாள் அம்மா.

பெரியம்மா எழுந்து கண்ணாடிக்கு அருகே போய்க் குனிந்தாள். "இது இன்னாம்மா, நடுவுல? சாமியா?" என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் மாமா நிமிர்ந்தார்.

ஷோகேஸுக்குள் அப்பளம் நொறுங்கும் சத்தம் ஒன்று கேட்டது. விளக்குச் சூட்டில் கரியின் ஒரு பக்கம் பிளந்து பஞ்சின் மேல் விழுந்தது. மாமா எழுந்த வேகத்தில் காபி டம்ளர் உருண்டது. கண்ணாடியைத் தள்ளி, பஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் அள்ளினார். பெரியம்மா ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். விரலிடுக்கில் உதிர்ந்த கறுப்புத் தூள் ஹாலில் கோடு போட, அவர் குளியலறைக்குள் போய்விட்டார். குழாய் திறந்த சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

எல்லோரும் குழாய்ச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"கரிதாங்க" என்றார் அப்பா கடைசியில். "அவங்க நெலத்துக் கரி."

பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார். "ம்" என்றார். தன் டம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியம்மாதான் அவருடைய தோளைத் தொட்டு எழுப்பினாள். மாமா வெளியே வருவதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து தரகர் வந்தார். அன்று அவருக்குக் காபி இல்லை.

"பொண்ணோட அப்பாவுக்குப் புடிச்சிதான் இருக்குது. அந்தப் பெரியம்மாதான் ஒத்துக்கல. ஒரு கரிக்கே இப்பிடிப் பதறிகினு ஓடுறாரே, நாளைக்கு எங்க பொண்ணு கண்ணுல படுமான்னு கேக்குது."

இதெல்லாம் எனக்கு அன்று பெரிய விஷயமாகப் படவில்லை. என் துக்கம் வேறு. நடுத்தட்டு அலங்கோலமாகிவிட்டது, பாராட்டு பாதியில் நின்றுவிட்டது. அந்த ஞாயிறு, விருந்தாளிகள் போனதும் அழுதுகொண்டே பஞ்சைத் தட்டிச் சரிசெய்து, கரி இருந்த இடத்தில் அன்னத்தை வைத்தேன். மாமா வந்தார். ரோஜாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, டீ வடிகட்டியில் அரித்தெடுத்த கரித் துணுக்குகளைப் பாட்டிலில் போட்டார். எல்லாம் அடியில் போய்ச் சேறாகப் படிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"அன்னம் நல்லா இருக்குது பாப்பா."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன்பின் வீடு பார்க்க யாரும் வரவில்லை. சில மாதங்களில் மாமா திருப்பூருக்கு வேலைக்குப் போனார். பாட்டிலைக் கொண்டுபோகவில்லை. அம்மா அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பாட்டிலில் மறுபடி ஊறுகாய் போட்டாள்.

போன மாதம் மாமா என் வீட்டுக்கு வந்திருந்தார். மீசை முழுக்க வெள்ளை. இன்னும் தனியாகத்தான் இருக்கிறார். நான் ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டினேன். ஒட்டகத்தின் கதையை, மணற்புயலை விட்டுவிட்டுச் சொன்னேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்ல வேல பண்ண பாப்பா" என்றார். "இதுல எதுக்கும் தண்ணி மாத்த வேணாம்."