வலப்பக்கம் திருகிய மூச்சு

ஆலங்குடிப் பக்கம் கிணற்றில் குடமோ வாளியோ விழுந்தால் ராக்கனைத்தான் கூப்பிடுவார்கள். எண்ணெய் எஞ்சின்கள் வந்த பிறகு, குழாயின் அடிநுனியில் அடைத்துக்கொள்ளும் புட்வால்வைக் கழற்றவும் அவர்தான் இறங்க வேண்டும். ஒரே மூச்சில் காரியத்தை முடித்துவிடுவார் என்பது ஊருக்குப் பெருமை. செலவில்லாத பெருமை என்பதால் ஊர் அதைத் தாராளமாகவே பேசியது. நாற்பத்தெட்டு வயதில் அந்த மூச்சு பாதியாகிவிட்டதும், மேலே வந்தால் நெஞ்சு அடைப்பதும் மனைவி மீனம்மாளுக்கு மட்டுமே தெரியும்.

1964 கோடையில் ஓர் அதிகாரி ஜீப்பில் மூச்சுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். முதுகில் காற்று உருளை, வாயில் ரப்பர், அதன் பக்கத்தில் ஒரு திருகு. இந்தப் பக்கத்துக்குத் தேவை என்று தெரிந்தால் ராக்கனிடமே விட்டுப்போவதாகச் சொன்னார்.

"இடப்பக்கம் திருப்பினா காத்து சுலபமா வரும். வலப்பக்கம் திருப்பினா இழுத்து வாங்கணும்" என்றார்.

முதல் நாள் ராக்கன் ஆளில்லாத ஊருணியில் பழகிப் பார்த்தார். நடுவிலிருந்து இடப்பக்கம் ஒன்றரைச் சுற்று. அதற்கு மேல் திருப்பினால் காற்று தானாகப் பீறிட்டது. குறைத்தால் நெஞ்சு வலித்தது. அதிகாரி அரைமணி நேரம் விளக்கியதை ராக்கனின் நெஞ்சு இரண்டு இழுப்பில் புரிந்துகொண்டது. இன்னும் பத்து வருசம் பிழைக்கலாம் என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் உடையப்பன் கிணற்றில் சோதனை. ஊரே சுற்றிலும் நின்று எட்டிப் பார்த்தது.

"மூச்சு விட்டா குமிழி வரும்ல? ராக்கண்ணன் குமிழிய நான் எண்ணிச் சொல்றேன்" என்றான் எஞ்சின் ஓட்டும் நாகராசு. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ராக்கனுக்குத் தைத்தது; ஒரு குமிழி வந்தாலும் ஒரே மூச்சுக்காரர் என்ற பேர் போய்விடும். தண்ணீருக்குள் போனதும் திருகை வலப்பக்கம் முழுக்கத் திருகினார். ரப்பரைக் கடித்துக்கொண்டு, பழைய மாதிரியே மூச்சை அடக்கினார். கண் இருட்டும்போது புட்வால்வோடு மேலே வந்தார். ஒரு குமிழியும் வரவில்லை. விசில் பறந்தது.

அதிகாரி திருகைப் பார்த்தார். காற்றளவு காட்டும் முள்ளைப் பார்த்தார். அது அசையவே இல்லை. 'இப்பகுதிக்குக் கருவி தேவையில்லை' என்று எழுதிக்கொண்டார்.

"ஐயா, இடப்பக்கம் திருப்பி இன்னொருக்கா எறங்கிப் பாக்குறேனுங்க" என்றார் ராக்கன், மூச்சு வாங்கியபடி.

"உனக்கு எதுக்குப்பா இது?" அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீட்டில் ராக்கன் சுவரில் சாய்ந்து வெகுநேரம் இருமினார். மீனம்மாள் நெஞ்சைத் தடவிவிட்டாள்.

"ஒரு குமிழிகூட வரலையாமே. ஊரு பூரா அதான் பேச்சு" என்றாள். "நாளைக்கு இன்னும் ரெண்டு கெணத்துக்குக் கூப்பிட்டுருக்காங்க."