அபிஜித் கேட்ட ஒன்பது

மகள் கல்யாணத்தில் சக்கரவர்த்தி நயினாருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். பெண் அழைப்பின்போது ஹர்ஷினி, அண்ணன் காரில் வந்து மண்டபத்தில் இறங்க வேண்டும். அவளை அழைத்துவர வேண்டிய அந்த அண்ணன் அபிஜித்தை டெங்கு காய்ச்சல் வாரிக்கொண்டு போய்விட்டது. மாகறல் வீட்டுக் கொட்டகையில் அவன் விட்டுப்போனது, வண்டுபோல முதுகு வளைந்த ஒரு பழைய காரும், அதற்காக ஊர் ஊராக அலைந்து வாங்கிய நாலு பிஸ்டனும்தான்.

அந்த பிஸ்டன்களை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு, பெரிய காஞ்சிபுரத்தில் கதிர்வேலின் பட்டறைக்குப் போனார். கதிர்வேல் நெசவாளி வீட்டுப் பிள்ளை, அபிஜித்தின் கூட்டாளி.

"கம்ப்ரஷன் எவ்ளோ வெக்கட்டும் நயினார்?"

"அவன் ஒன்பதுன்னு சொல்லிக்கினே இருந்தான்பா."

கதிர்வேல் மெல்லிய வளையம் ஒன்றை விரலில் மாட்டிச் சுழற்றினான். "சிலிண்டருக்கு அடியில இதப் போட்டா ஏழு. இழுவை கம்மி, ஆனா சூடாவாது. எடுத்துட்டா ஒன்பது. இறுக்கி அமுக்கும், நல்லா இழுக்கும், சூடும் ஏறும். இந்த வண்டிக்கு இன்ஜின் பின்னாடி, தண்ணியும் கிடையாது, காத்துலதான் ஆறணும். ஊர்வலத்துல ஊர்ந்துக்கினு போனா காத்துக்கு எங்க போறது?"

"அவன் கேட்டது ஒன்பதுதான்."

"அவன் ஹைவேல பறக்கக் கேட்டான். மேளக்காரன் பின்னாடி போறதுக்கா கேட்டான்?" கதிர்வேல் சற்று யோசித்தான். "சரி, ராத்திரி ஊர்வலம்தானே. குளுகுளுன்னு இருக்கும். எப்படியோ தாங்கும்."

நயினார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

கதிர்வேல் தெருவில் ஊர்வலங்கள் இருட்டிய பிறகுதான் கிளம்பும். சமணர்களான நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அதற்குள் பந்தி முடியவேண்டும் என்பதால், பெண் அழைப்பு வைகாசி வெயிலிலேயே புறப்பட்டுவிடும். அதைச் சொன்னால் இவன் வளையத்தைப் போட்டுவிடுவான். செத்த பிள்ளை ஆசைப்பட்டதைக் குறைத்த பாவம் பெற்றவனுக்கு எதற்கு?

"நீ தாங்கும்னா சரிப்பா," என்றார்.

ஊர்வல நேரம் அச்சிட்ட பத்திரிகையை ஊருக்கெல்லாம் வைத்தவர், கதிர்வேலை மட்டும் வாயால் அழைத்தார். "சாயங்காலம் வந்துடு."

கல்யாணத்துக்கு முதல் நாள், திருப்பருத்திக்குன்றம் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஹர்ஷினி பின்சீட்டில் ஏறினாள். நயினாரே ஓட்டினார். முன்னால் நாதஸ்வரம். தார் ரோடு கொதித்தது. வண்டி எறும்பாக ஊர்ந்தது.

பாதி வழியில் ஹர்ஷினி அவர் தோளைத் தொட்டாள். "அப்பா, பின்னாடி டப்பாவுல கல்லு உருள்ற மாதிரி சத்தம் வருது. நிறுத்துப்பா."

அவருக்கும் கேட்டது. "மண்டபம் தோ வந்துடும்மா. உங்கண்ணன் கொண்டுபோய் விட்டுடுவான்."

வளைவு திரும்பியதும் பின்னால் ஓர் உலோகச் சத்தம். கரும்புகை. வண்டி நின்றது, பிறகு அசையவில்லை.

"இன்னா மாமா, பொண்ணு கனம் தாங்கலையா?" என்றான் யாரோ ஒரு உறவுக்காரன். ஹர்ஷினியின் முகத்தைப் பார்த்ததும் அவன் தலை குனிந்துகொண்டான். மெட்டி போடாத வெறுங்கால்களோடு கொதிக்கும் தாரில் இறங்கி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மண்டபம் வரை நடந்தாள். வழிந்த மையை அவள் துடைக்கவில்லை.

எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், புது வேட்டியோடு சிரித்துக்கொண்டே வந்தான் கதிர்வேல். "இன்னா நயினார், ஊர்வலம் எப்போ?"

"முடிஞ்சிடுச்சுப்பா. வெயில்லயே."

வேப்பமரத்தடிக்குத் தள்ளிவந்து நிறுத்தியிருந்த காரைக் கதிர்வேல் பார்த்தான். அருகே போய் இன்ஜின்மேல் கை வைத்து, சுட்டதுபோல எடுத்துக்கொண்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வளையத்தப் போட்டிருப்பே."

கதிர்வேல் சாப்பிடாமலே போய்விட்டான்.

மறுவாரம் பட்டறையில் இன்ஜினைப் பிரித்தார்கள். அபிஜித் தேடித் தேடி வாங்கிய பிஸ்டன்களில் ஒன்று உருகி, நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. நயினார் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"வேற பிஸ்டன் போட்டு ஏழு வெச்சுத் தரேன் நயினார்," என்றான் கதிர்வேல். அவன் குரலிலிருந்து கோபம் போயிருந்தது.

"பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போயிட்டாப்பா. இனிமே அண்ணன் வண்டியில யார ஏத்திக்கினு போறது?"

மஞ்சள் துணியைப் பிரித்து நாலு பிஸ்டனையும் அடுக்கினார். கதிர்வேல், போடாமல் விட்ட வளையங்களை எடுத்துவந்து மேலே வைத்தான். நயினார் அவற்றையும் சேர்த்தே முடிந்துகொண்டு எழுந்தார்.