மூட முடியாத பெட்டி

ஸ்பேனர் என்றால்தான் அவனை ஆட்களுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். வாய்க்கொழுப்பும் அதற்குக் குறைவில்லை. அவன் கையால்தான் ஓர் உயிரும் போனது.

கதவு மூடாமல் லிஃப்ட் நகராது. பழுது பார்க்கும்போது மட்டும் கன்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு சாண் ஒயரை மாட்டி, அந்தத் தடையை விலக்கி ஓட்டிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். ஒருநாள் ஒயரை எடுக்க மறந்து, கன்ட்ரோல் பெட்டியை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். மூன்றாம் மாடியில் கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே போனது. துணி மூட்டையோடு வந்த தையற்காரர் உள்ளே கால் வைத்தார். அங்கே லிஃப்ட் இல்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டான். கோர்ட் அவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது. மாதம் ஒரு கையெழுத்து. லிஃப்டில் கை வைக்கக்கூடாது. அதன் பிறகு வைக்கலாமா என்பதைக் கண்காணிப்பு அதிகாரியம்மாவின் அறிக்கைதான் முடிவு செய்யும்.

இன்று கடைசிக் கையெழுத்து.

"வேற வேலை பார்க்கலாமே?"

"இதுதான் மேடம் எனக்குத் தெரியும். இனிமே என்னைவிட ஜாக்கிரதையா பாக்கிறவன் எவனும் இல்ல."

"அதை நீங்களே சொல்லிக்கிட்டா ஆச்சா?"

பையிலிருந்து ஒரு சிவப்பு ஒயரை எடுத்து மேஜையில் போட்டான். விரல் கனம், இரண்டு முழ நீளம். "இதை மாட்டிட்டுப் பெட்டியை மூடிக் காட்டுங்க, நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

அந்த அம்மா லேசுப்பட்டவர் அல்ல. அலுவலகக் கட்டடத்து லிஃப்ட்காரரை அழைத்து, மெயினை அணைத்து, ஒயரை மாட்டச் சொன்னார். ஸ்பேனர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். அதிகாரியம்மா பெட்டியின் கதவை அழுத்தினார், தோளைக் கொடுத்துத் தள்ளினார். சிவப்பு ஒயர் பிதுங்கிக்கொண்டு வெளியே நின்றது. பெட்டி மூடவில்லை.

"பழைய கம்பெனியில எல்லார் பையிலயும் இப்ப அந்தச் சாண் ஒயருக்குப் பதிலா இதுதான் மேடம்," என்றான் பெருமையாக.

"தையற்காரர் வீட்டுக்குத் தெரியுமா?"

அந்த வாய் அன்றுதான் முதன்முறையாகத் தடுமாறியது.

"அவர் சம்சாரத்துக்கிட்டதான் முதல்ல காட்டினேன். ரொம்ப நேரம் கையிலயே வெச்சிருந்தாங்க. 'இவ்வளவுதானே தம்பி, அன்னைக்கே செஞ்சிருக்கலாமே'ன்னாங்க."

அதிகாரியம்மா அறிக்கையை எடுத்தார். லிஃப்ட் வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.