கடலுக்குத் தெரியாது

மதுரையிலிருந்து நாங்கள் சிலர் மலேசியாவின் கோலசிலாங்கூருக்குத் தொண்டு செய்யப் போன முதல் வாரம் மழையில் நனைந்த கனவு போலிருந்தது. வானத்துக்கும் சேற்றுக்கும் ஒரே நிறம். முழங்கால் சேற்றில் நின்று கடலரிப்பைத் தடுக்கும் கண்டல் மரக் கன்றுகளை நட்டு, குச்சியோடு கட்டினோம்.

எங்களுக்கு வேலை காட்டிய அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு, அதன்மேல் தொப்பி. நாங்கள் கரையேறியதும் அவர் தனியாகத் திரும்பிப் போய், ஒவ்வொரு கன்றையும் அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

"நாங்க கட்டினது சரியில்லையாக்கா?" என்றேன் ஒருநாள்.

"நல்லாத்தான் இருக்கு லா. ஆனா நீங்க ஒதவிக்கு வந்தவங்கன்னு கடலுக்குத் தெரியாதில்ல," என்றார் நிமிராமல்.

கடைசி நாள் கரையிலிருந்து பார்த்தேன். ஒரு கன்றை மட்டும் இழுத்துப் பார்த்தவர், அவிழ்க்காமலே நகர்ந்தார். அது யார் கட்டிய கன்றென்று தூறலில் தெரியவில்லை. நான்தான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.