மாதிரிக்குப் போன காலர்

போன மாதம், பழவங்காடியில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் ஒரு சட்டைப் பெட்டியைப் பிரித்தேன். கஞ்சியும் மெஷின் எண்ணெயும் கலந்த, என் பழைய தையல் யூனிட்டின் அதே வாசனை! இத்தனை வருஷமும் அந்தக் கம்பெனிச் சட்டை பங்களாதேஷில் தைத்துத்தான் வரும். லேபிளைப் புரட்டினால் எங்கள் திருவனந்தபுரம் என்றிருக்கிறது. தையலைத் திரும்ப ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்களாம். சரக்கு இறக்கியவர் சொன்னார். கரமனையில் திறந்த புது யூனிட்டில், என்னோடு தைத்த செல்விதான் சூப்பர்வைசர் என்றும் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

பழைய யூனிட்டில் நானும் செல்வியும் அடுத்தடுத்த மெஷின். இருவருக்கும் காலர் வேலை. மேனேஜர் அவள் காலரைத்தான் தூக்கிக் காட்டிப் புகழ்வார். சரியாக அந்த நேரம் பார்த்து என் நூல் அறுந்துபோகும், நம்பினால் நம்புங்கள். ஒருநாள் அவர், "ஆளுக்கொரு சட்டை தைங்க. நல்லதா ஒண்ணு வெளிநாட்டுக்குப் போகணும்" என்றார். எக்ஸ்போர்ட் ஆர்டர் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். செல்வியை ஜெயிக்க, மத்தியானச் சோற்றைக்கூட விட்டுவிட்டு மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தேன். என் சட்டை தேர்வானது.

"ஏட்டி, ஒன் காலரல்லா எடுத்துட்டாங்க! முட்டாயி வாங்கித் தா, கேட்டியா?" என்று செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பொறாமையே வரவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்தச் சட்டையை மாதிரியாக வைத்துத்தான் பங்களாதேஷில் தைக்கப் பழகியிருக்கிறார்கள். ஓணம் கழிந்ததும் எங்கள் யூனிட்டைப் பூட்டினார்கள். இப்போது அங்கே ஃபிளாட் நிற்கிறது.

பெட்டி பிரித்த அன்று சாயங்காலம் செல்வியே போன் செய்தாள். "காலருக்கு ஆளு வேணும். ஒன்னைய விட்டா ஆரு? ஒனக்குன்னு ஒரு மெஷின் போட்டு வச்சிருக்கேன்."

அவளுக்குக் கீழேயா? "எனக்கு இங்க நல்ல பொசிஷன்லா" என்று அளந்துவிட்டேன். வருகிறவர்கள் கலைத்துப் போடும் சட்டைகளை மறுபடி மடித்து வைப்பதுதான் அந்தப் பொசிஷன்.

எட்டாம் நாள் வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். "ஒரு வாரம் ஆரையும் இருத்தாம வச்சிருந்தேன்டி. நேத்துதான் ஒரு பிள்ளையப் போட்டேன்" என்றாள்.

போன வேலை கடல் தாண்டித் திரும்பி வந்து, ஒரு வாரம் எனக்காகக் காத்திருந்தது. பழவங்காடியிலிருந்து கரமனைக்கு பஸ் ஏற எனக்குத்தான் மனசு வரவில்லை.