எதிரே வந்த முதுகு

என் அக்காவுக்குப் பல் செய்வதுதான் வேலை. மருத்துவர் அளவெடுத்து அனுப்புவார்; இவள் மெழுகில் வரிசை கட்டி, வார்த்து, ராவி, பளபளவென்று பல்செட்டாக்கித் திருப்பி அனுப்புவாள். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. தெருவில் எல்லோருக்கும் இவள் பல்லக்கா. யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். நான் கட்டிக்கொள்ளப்போகிறவரைக் கூட்டிவந்து காட்டியபோது, "மேல் வரிசை நேரா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அந்த மேல் வரிசை இப்போது வேறு ஊரில் வேறு யாரிடமோ இளித்துக்கொண்டிருக்கிறது. நான் அக்காவோடும் அவள் மகளோடும் இருக்கிறேன்.

வேலை முடிய ஆறரை ஆகிவிடும், இருட்டியும்விடும். பெரிய சாலையில் லாரிகள் உறுமும் என்பதால் அக்கா பூங்கா வழியாகச் சைக்கிளில் வருவாள். இருபது நிமிஷம். "அந்த இருபது நிமிஷம் ஒருத்தரும் என்னை எதுவும் கேக்கமாட்டாங்கடி" என்பாள். அதற்காகவே உயிரை வைத்திருப்பவள் மாதிரி சொல்வாள்.

பாதுகாப்பில் அவளிடம் யாரும் குறை சொல்ல முடியாது. தலையில் ஹெல்மெட். முன்னால் வெள்ளை விளக்கு, அதையும் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி தரையைப் பார்த்துச் சாய்த்திருப்பாள். பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு. பையைச் சுற்றி வெளிச்சம் பட்டால் மின்னும் வெள்ளிப் பட்டை, அவளே தைத்தது. குளத்தை ஒட்டிய குறுக்குவழியில் விளக்கு கிடையாது என்பதால் அந்தப் பக்கமே திரும்பமாட்டாள். வளைவுக்கு வளைவு மணி வேறு. இவளைப் பார்க்காமல் பூங்காவில் ஒருவர் இவள்மேல் மோத வேண்டுமென்றால், கண்ணை மூடிக்கொண்டு வரவேண்டும். இல்லை, பின்னோக்கி நடந்து வரவேண்டும்.

அப்படியும் ஒருவர் வந்தார்.

அதற்கு முன் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் இன்சூரன்ஸ் ஆபீசில், நாள் முழுக்க விபத்துப் படிவம் படிக்கிறவள். போன வருஷம் ஈர இலையில் சைக்கிள் வழுக்கி அக்கா முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோதே சட்டம் போட்டுவிட்டாள். "இன்னொரு தடவை விழுந்தா சைக்கிளைத் தூக்கிக் குடுத்துடுவேன். பஸ்ல போயிட்டு வா." பஸ் என்றால் ஒரு மணி நேரம், நடுவில் இரண்டு இடத்தில் மாறவேண்டும். போதாக்குறைக்கு அதே பஸ்ஸில்தான் அக்காவின் சூப்பர்வைசரும் வருவார்.

செவ்வாய்க்கிழமை, ஆறே முக்கால் இருக்கும். பூங்காப் பாதையில் தூரத்தில் அகலமாக ஒரு முதுகு தெரிந்திருக்கிறது. முதுகு தெரிந்தால் ஆள் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? மெதுவாக நெருங்கி ஒதுங்கிப் போகலாம் என்று அக்கா மணியடித்தாள். முதுகு போகவில்லை, வந்தது. விறுவிறுவென்று வந்தது. அவருக்கும் மணி கேட்டிருக்கிறது. ஆனால் கண்ணுக்கு எதிரே ஈ காக்கை இல்லை என்பதால் தைரியமாக நடந்திருக்கிறார். அக்கா பிரேக்கை அழுத்தி, ஹேண்டில்பாரை ஒடித்தாள்; அப்படியும் இடித்துவிட்டது. இரண்டு பேரும் புல்லில் விழுந்தார்கள்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு தரையைத் தடவினார். அக்காவுக்கு அந்தத் தடவல் என்னவென்று சொல்லித் தரவேண்டுமா? சைக்கிள் விளக்கைக் கழற்றி, புல்லில் தேடி, கீழ்ச் செட்டைக் கண்டுபிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கீறல் இல்லை" என்றாள். அப்புறம்தான், "உங்களுக்கு அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்லைங்க."

"இது என் பல்லு" என்றாள் அக்கா. நிஜப் பல் போலத் தெரியட்டும் என்று அவள் இடது பக்கத்தில் ஒரு பல்லை லேசாகத் திருப்பி வைப்பாள்; இதிலும் அது இருந்தது.

"என்னோடதுங்க" என்றார் அவர் பயந்துபோய்.

அவர் ரிட்டையரான பஸ் டிரைவர். மூட்டு வலிக்குப் பின்னோக்கி நடந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். "முப்பது வருஷமா முன்னாடி பாத்து ஓட்டியாச்சு, இனிமே இப்படித்தான்" என்றாராம். அவர் மகனும் சட்டம் போட்டவன்தான். மறுபடி விழுந்தால், நடக்கிற மெஷினை வாங்கி பெட்ரூமில் போட்டுவிடுவானாம், இனி அதில்தான் நடக்கவேண்டுமாம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாம விழல" என்றாள் அக்கா.

"விழவே இல்லைங்க" என்றார் டிரைவர்.

வீட்டில், முழங்கையைக் கதவு இடித்துவிட்டது என்றாள். தலைமுடியில் புல் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன், எடுத்தும் போட்டேன், வாயைத் திறக்கவில்லை. நான் ஒன்றும் உத்தமி இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. விழுந்ததிலிருந்து செட் ஈறில் உரசுகிறதாம். அக்காவிடம் கேட்டு வாங்கிப் போன விலாசத்தோடு டிரைவர் டப்பாவும் கையுமாக நின்றார். கதவைத் திறந்தது மகள். அவள் யாரென்று கேட்பதற்குள், பொக்கை வாயால் அவர் முந்திக்கொண்டார்.

"நாங்க ரெண்டு பேரும் விழவே இல்லைம்மா."

மகள் ஒரு நிமிஷம் அக்காவைப் பார்த்தாள். பிறகு, "உள்ள வந்து உக்காருங்க சார்" என்றாள். "எந்த இடத்துல விழல?"

அதற்குப் பிறகு மனிதர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மகள் ஒரு தாளில் பாதை வரைந்தாள், சைக்கிளுக்கு ஒரு அம்பு, அவருக்கு ஒரு அம்பு, அவர் முகம் பார்த்த எதிர்ப் பக்கத்துக்கு இன்னொரு அம்பு. அக்கா செட்டை ராவ ஆரம்பித்தாள். உரசும் இடம் எப்போதோ சரியாகிவிட்டது, கை மட்டும் நிற்கவில்லை. மகள் எழுந்து ஸ்குரூ டிரைவரோடு கீழே போனாள். திரும்பி வந்தபோது சைக்கிளின் இரண்டு விளக்கும் அவள் கையில் இருந்தன. அக்கா முகம் செத்துவிட்டது. எனக்கு மகள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மகள் நேரே டிரைவரிடம் போய், அவர் நெஞ்சில் சிவப்பு விளக்கைக் கட்டினாள், முதுகில் வெள்ளையை.

"சிவப்பு பின்னாடிதானே இருக்கணும்?" என்றேன்.

"சித்தி, அவருக்கு முதுகுதான் முன்பக்கம்."

டிரைவர் செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு வண்டியைப் போல விளக்குகள் எரிய, வாசல்வரை பின்னோக்கியே போய்ச் சேர்ந்தார்.

"அப்போ சைக்கிள்?" என்று அக்கா தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"நாளைக்கு வேற விளக்கு வாங்கித் தரேன். அதுவரைக்கும் ஓட்டாம உருட்டிட்டு வா." மகள் தாளை நாலாக மடித்தாள். "விழாதேன்னு இனிமே சொல்லமாட்டேன். விழுந்தா வந்து சொல்லு. யார் யாரோ விழுந்ததை எல்லாம் எனக்கு எழுதி அனுப்புறாங்க. என் அம்மா விழுந்தது மட்டும் எனக்குத் தெரியல."

அக்கா மகளைப் பார்த்தாள், வாயை இல்லை, கண்ணை. பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றி முழங்கையை நீட்டினாள்.

"இன்னும் வலிக்குதுடி" என்றாள்.